டர்போ காருக்குக் குறைந்த செலவில் பவர் ஏற்றுவது: எது காசுக்குத் தகும், எது தகாது

டர்போ இல்லாத எஞ்சினில் பத்துக் குதிரைத்திறன் கூட்ட வேண்டுமென்றால் கேம்ஷாஃப்ட், ஹெட் வேலை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று செலவு நீண்டுகொண்டே போகும். டர்போ எஞ்சினில் அந்தப் பாடு இல்லை. காற்றை அழுத்தும் கருவி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்து என்று எஞ்சினின் கம்ப்யூட்டரிடம் (ஈசியூ) சொன்னாலே பவர் ஏறும். இந்த வசதிதான் சிக்கலும்கூட. பவர் எளிதாக ஏறுகிறது என்று தெரிந்ததும் ஆயிரம் வகைப் பாகங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல், தனியாக மாட்டினால் சத்தத்தைத் தவிர வேறெதையும் கூட்டாது.

அதனால் பாகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் எஞ்சினை இப்போது தடுத்து நிறுத்துவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அங்கே மட்டும் காசு போடுங்கள். போட்ட பிறகு தடை வேறு இடத்துக்கு நகரும். மறுபடி அளந்து அடுத்ததைத் தேடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு யோசனையின் விரிவுதான். பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். டீசல் எங்கே மாறுபடுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: தொழிற்சாலை கொடுத்த பவர் முழுதாக வருகிறதா?

நான்கைந்து வருடம் ஓடிய டர்போ காரில் பல சமயம் வாங்கிய அன்றைய பவரே இருக்காது. அதை மீட்பதுதான் இருப்பதிலேயே மலிவான மாடிஃபிகேஷன். இதை விட்டுவிட்டு ரீமேப் (ஈசியூவின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்யப் போனால் இருக்கும் கோளாறின் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிறீர்கள்.

முதல் சந்தேகம் பூஸ்ட் கசிவு. டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் ஹோஸ்களும் கிளாம்ப்களும் வெப்பத்தில் விறைத்து வெடிக்கும். சின்ன வெடிப்பு ஐடிலில் தெரியாது, பூஸ்ட் ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஸ்மோக் டெஸ்ட் எடுத்தாலோ, ஏர் ஃபில்டர் பக்கத்தை அடைத்துக் குறைந்த அழுத்தக் காற்றைக் கொடுத்துச் சோப்பு நீர் தெளித்துப் பார்த்தாலோ கசிவு தெரிந்துவிடும். கசிவு இருந்தால் எஞ்சின் உடனே சோர்ந்துவிடாது. கேட்ட அழுத்தம் வரவில்லையே என்று ஈசியூ டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கும். சின்ன டர்போ ஒன்று நிமிடத்துக்கு 2,00,000 சுற்றைத் தொடும் கருவி. அதைச் சும்மாவே அதிகம் ஓட விடுவது அதன் ஆயுளைத் தின்னும்.

அடுத்து ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில். பூஸ்ட் ஏற ஏறப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது பொறிக்குக் கடினமாகும். முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் எஞ்சின் திக்குகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். புதுப் பிளக் போட்டு, காயிலைச் சோதித்தாலே பலரின் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இன்னொரு வியாதி உண்டு. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் முதுகை எரிபொருள் கழுவுவதில்லை; எண்ணெய் ஆவி படிந்து கரியாகக் கெட்டிப்படும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்தைத் தொடவே தொடாது, ஏனென்றால் பெட்ரோல் அந்த வழியாகப் போவதே இல்லை. வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக வீசிச் சுத்தம் செய்யும் முறைதான் உருப்படியான வழி. ஐடில் நடுக்கமும் குளிர் ஸ்டார்ட்டில் மிஸ்ஃபயரும் இருந்தால் இதை யோசியுங்கள். எல்லாருக்கும் தேவைப்படாது.

எஞ்சின் ஆயிலையும் இந்தப் படியிலேயே சரிசெய்துவிடுங்கள். சிறிய நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிக்கும்போது பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் எல்எஸ்பிஐ என்பார்கள். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. ஆயிலில் உள்ள கால்சியம் வகைச் சேர்மானம் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி ஆகிய தரங்கள் வகுக்கப்பட்டன. கார் கையேடு சொல்லும் தடிமனில், உற்பத்தியாளர் கேட்கும் அனுமதியோடு, எஸ்பி தர ஆயில் போடுங்கள். அப்புறம் ஐந்தாம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் தரையோடு மிதிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கியரைக் குறைக்கக் காசு செலவாகாது.

படி 2: அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்

வாங்க வேண்டிய முதல் பாகம் ஒரு நல்ல ஓபிடி அடாப்டர், அதாவது காரின் சோதனை சாக்கெட்டில் செருகி ஈசியூவின் தரவைப் படிக்கும் கருவி. அந்தத் தரவைப் பதிவு (லாக்) செய்ய, உங்கள் காருக்கென்றே எழுதப்பட்ட லாகிங் ஆப் கிடைத்தால் அதையே எடுங்கள். பொதுவான ஆப்களில் ஒரு குறை உண்டு: மேனிஃபோல்டு அழுத்தத்துக்கான பொதுத் தரவு 255 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். அதற்கு மேல் உங்கள் டர்போ அழுத்தினாலும் திரையில் 255 என்றே காட்டும். அது முழு அழுத்தம் என்பதையும் மறக்காதீர்கள். கடல் மட்டத்தில் வளிமண்டலமே 101 கிலோபாஸ்கல் இருப்பதால், 201 என்று காட்டினால் உங்கள் பூஸ்ட் 1 பார், அதாவது சுமார் 14.5 பிஎஸ்ஐ.

பொதுச் சாலையில் வேண்டாம். டிராக்கிலோ டைனோவிலோ (காரை உருளை மேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம் முதல் ரெட்லைன் வரை முழு ஆக்சிலரேட்டரில் ஒரே இழுப்பாக இழுத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள், ஒரே பதிவை நம்ப வேண்டாம். பிறகு உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள்.

ஈசியூ கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒட்டிப் போகின்றனவா? கிடைத்தது குறைவு என்றால் கசிவு இருக்க வேண்டும், அல்லது வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) சரியாக மூடவில்லை, அல்லது டர்போ தன் எல்லைக்கு வந்துவிட்டது. இன்டேக் காற்றின் வெப்பநிலை இழுப்பின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் எவ்வளவு ஏறுகிறது? பத்து டிகிரி ஏறினால் கவலை இல்லை. முப்பது நாற்பது டிகிரி ஏறி, அடுத்த இழுப்புக்குள் இறங்காமல் நின்றால் இன்டர்கூலர்தான் உங்கள் தடை. நாக் (சிலிண்டரில் கலவை தானாகப் பற்றி வெடிப்பது) காரணமாக ஈசியூ டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறதா? ஒன்றிரண்டு டிகிரி வந்து போவது சகஜம். நான்கைந்து டிகிரி தொடர்ந்து இழுத்தால், அதுவும் எப்போதும் ஒரே சிலிண்டரில் என்றால், பவர் ஏற்றும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஃபியூல் டிரிம் (எரிபொருள் அளவில் ஈசியூ தானாகச் செய்யும் திருத்தம்) சாதாரண ஓட்டத்தில் ஐந்து சதவீதத்துக்குள் மேலும் கீழும் ஆடலாம். பத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது ஏதோ சென்சார் தவறாகச் சொல்கிறது, அல்லது எரிபொருள் குறைகிறது.

டைனோ இல்லாவிட்டாலும் ஒப்பிட வழி உண்டு. ஒரே கியரில் 80-லிருந்து 120 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை நொடி என்று ஜிபிஎஸ் ஆப்பில் எடுங்கள். கிளம்பும்போது டயர் வழுக்குவது இதில் கலக்காது என்பதால், நின்ற இடத்திலிருந்து நூறு எடுப்பதைவிட இது எஞ்சினைப் பற்றி உண்மையைச் சொல்லும். அதே டிராக், அதே திசை, ஏறக்குறைய அதே வெப்பநிலை. டைனோவுக்குப் போனாலும் விதி அதேதான்: மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே டைனோவில், ஒரே மாதிரி ஓட்டி எடுத்தால்தான் ஒப்பீடு. வேறொரு ஊரில் வேறொரு டைனோ காட்டிய பெரிய எண்ணை வைத்துச் சண்டை போடுவது வெட்டி வேலை.

படி 3: எரிபொருளும் பிளக்கும்

டர்போ எஞ்சினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் உண்மையிலேயே பவர் தருமா என்ற கேள்விக்கு உங்கள் லாகில் பதில் இருக்கிறது. சாதாரணப் பெட்ரோலில் நாக் வந்து டைமிங் பின்னால் இழுக்கப்படுகிறது என்றால், உயர் ஆக்டேன் ஊற்றியதும் அது நிற்கும். இழந்த பவர் திரும்பும். நாக் வராத காரில் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆக்டேன் என்பது எரிபொருளின் சக்தி அல்ல, தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆக்டேனை அளக்க ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு முறைகள் உண்டு. சில நாடுகளில் பம்பில் ஆர்ஓஎன் எண்ணும், அமெரிக்கா போன்ற இடங்களில் இரண்டின் சராசரியும் எழுதியிருக்கும். அங்கே 91 என்பது ஆர்ஓஎன் கணக்கில் சுமார் 95. ரீமேப் ஃபைல் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று தெரியாமல் ஏற்றினால் வினைதான்.

ரீமேப் செய்யப்போகிறீர்கள் என்றால் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றுவது வழக்கம். அதன் முனை வெப்பத்தை வேகமாக வெளியே கடத்தும். எண்ணைப் பார்த்து வாங்கும்போது எச்சரிக்கை தேவை: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது, பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடானது. இடைவெளியை 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கச் சொல்வார்கள். அதை ட்யூன் செய்பவர் சொல்லும் அளவுக்கே வையுங்கள். ஸ்டாக் பவரில், அதாவது தொழிற்சாலை கொடுத்தபடியே, ஓடும் காருக்குக் குளிர்ந்த பிளக் தேவையில்லை. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது கரி பிடிக்கும்.

படி 4: ரீமேப்

செலவழிக்கும் காசுக்கு அதிகப் பவர் தருவது இதுதான். இரண்டாம் இடத்தில் இருப்பது எதுவானாலும் பக்கத்தில்கூட வராது. பெட்ரோல் டர்போ எஞ்சின்களில் வேறெந்தப் பாகமும் மாற்றாமல், சாஃப்ட்வேர் மட்டும் மாற்றி 15 முதல் 30 சதவீதம் வரை கூடுவது வழக்கமாகப் பார்க்கும் எண்.

ஆனால் எல்லா எஞ்சினிலும் உற்பத்தியாளர் ஒரே அளவு மிச்சம் வைத்திருப்பதில்லை. உங்கள் எஞ்சின் வேறொரு மாடலில் அதிக பவரோடு விற்கப்படுகிறதா என்று பாருங்கள். விற்கப்பட்டால், இரண்டிலும் டர்போ, பிஸ்டன், இன்ஜெக்டர், இன்டர்கூலர் ஆகியவற்றின் பாக எண்களை ஒப்பிடுங்கள். எல்லாம் ஒன்றே என்றால் வித்தியாசம் சாஃப்ட்வேரில் மட்டும், உங்களுக்கு யோகம். டர்போவே வேறு என்றால், "அந்த வண்டியில் வருகிற பவர் இதிலும் வரும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரீமேப்பில் மூன்று வகை உண்டு. பிக்கிபேக் பெட்டி என்பது சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து பொய் சொல்வது. மேனிஃபோல்டு அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி, ஈசியூவை அதிக பூஸ்ட் கொடுக்க வைக்கும். மலிவு, கழற்றுவதும் எளிது. ஆனால் சாதாரணப் பெட்டிகளுக்கு டைமிங்கின் மேல் கட்டுப்பாடு கிடையாது, நாக் வந்தால் ஈசியூ எப்படியோ சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது ரெடிமேட் ஃபைல்: அதே எஞ்சின் கொண்ட பல கார்களில் ஓட்டிப் பார்த்து எழுதியது. பாகங்களை மாற்றாத காருக்கு, நல்ல பெயர் உள்ளவரிடம் வாங்கினால், என் பார்வையில் பட்ஜெட்டுக்கு இதுவே சரியான தேர்வு. மூன்றாவது, உங்கள் காரின் லாகைப் பார்த்து உங்களுக்கென்றே எழுதும் கஸ்டம் ட்யூன். டவுன்பைப் (டர்போவை அடுத்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்), இன்டர்கூலர் என்று பாகங்கள் மாறிய காருக்கு அதுதான் வேண்டும். நல்ல ட்யூனர் ஒருமுறை ஏற்றிவிட்டுப் போகமாட்டார். ஏற்றி, லாக் வாங்கி, திருத்தி, மறுபடி ஏற்றுவார்.

ட்யூனரிடம் பவர் எவ்வளவு வரும் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் டார்க் எங்கே வரும் என்று கேளுங்கள். கிலோவாட்டில் பவர் என்பது நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் வருவது. 300 நியூட்டன் மீட்டர் 5,000 ஆர்பிஎம்மில் இருந்தால் 157 கிலோவாட். அதே 300, 2,000 ஆர்பிஎம்மில் இருந்தால் 63 கிலோவாட் மட்டுமே. ஆனால் கனெக்டிங் ராடும் கிளட்ச்சும் தாங்க வேண்டிய பாரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழ் ஆர்பிஎம்மில் திடீரென எழும்பும் டார்க் முதல் நாள் ஓட்டும்போது ஆஹா என்றிருக்கும். ராட் வளைவதும், முன்னே சொன்ன எல்எஸ்பிஐ வருவதும், கிளட்ச் வழுக்குவதும் அந்த இடத்தில்தான். 3,000 வரை மெல்ல ஏறி, மேலே விழாமல் நீளும் டார்க் கோட்டைக் கேளுங்கள். உச்ச எண் கொஞ்சம் குறைந்தாலும் கார் வேகமாகவே இருக்கும், நீண்ட நாள் ஓடும்.

கியர்பாக்ஸின் எல்லையும் கணக்கில் வர வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் வரும் டிக்யூ200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியின் அதிகாரபூர்வ டார்க் எல்லை 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் அதற்கு மேல் தரத் தயாராக இருந்தாலும் பெட்டி தயாராக இல்லை. உங்கள் பெட்டியின் எண் என்ன என்று தெரிந்துகொண்டு ட்யூனரிடம் பேச்சைத் தொடங்குங்கள். மேனுவல் பெட்டி என்றால் ஒரு எளிய சோதனை இருக்கிறது: மேல் கியரில் நடு ஆர்பிஎம்மில் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் ஏற்கெனவே முடியும் நிலையில் இருக்கிறது. ரீமேப் பணத்தில் கிளட்ச் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்யூனர் ஒருவர் உங்கள் காரின் பழைய ஸ்டாக் ஃபைலின் பிரதியைத் தரமாட்டேன் என்றாலோ, முழு ஆக்சிலரேட்டரில் காற்று எரிபொருள் விகிதம் எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டால் மழுப்பினாலோ அங்கே கார் சாவியைக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான விகிதம் 14.7-க்கு 1, பூஸ்டில் டர்போ எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்க, 12-ஐ ஒட்டிய செறிவான கலவை வைப்பது வழக்கம். ஏன் அந்த எண் என்று உங்கள் எஞ்சினை வைத்து விளக்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

படி 5: வெப்பம்

காற்றை அழுத்தினால் சூடாகும். 25 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், கம்ப்ரெசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 118 டிகிரியில் வெளியே வரும். இன்டர்கூலர் இல்லாமல் அந்தக் காற்று சிலிண்டருக்குப் போனால் நாக் நிச்சயம். இன்டர்கூலர் அதை 40 டிகிரிக்கு இறக்குகிறதா, 70-க்கா என்பதில் அடர்த்தி சுமார் ஒன்பது சதவீதம் மாறும். அதற்கு மேல், சூடான காற்றில் ஈசியூ டைமிங்கையும் குறைக்கும் என்பதால் இழப்பு இன்னும் பெரிது.

அப்படியானால் எல்லாரும் பெரிய இன்டர்கூலர் வாங்க வேண்டுமா? இல்லை. பெரிய இன்டர்கூலர் பவரைக் கூட்டுவதில்லை, இருக்கும் பவரைத் தொடர்ந்து நிற்க வைக்கிறது. சிக்னலில் கிளம்பி ஒரே ஒரு முறை முடுக்கும் ஆளுக்கு ஸ்டாக் இன்டர்கூலரே போதும். மலைப்பாதையில் விடாமல் ஏறுபவர், டிராக்கில் ஓடுபவர், வெயில் கொளுத்தும் இடத்தில் ரீமேப் செய்த காரை ஓட்டுபவர்: இவர்களுக்கு ரீமேப்புக்கு அடுத்த செலவு இதுதான். உங்கள் லாகில் இன்டேக் வெப்பநிலை ஏறியதா என்று படி 2-ல் பார்த்தோமே, அந்தப் பதிவு இங்கே முடிவைச் சொல்லிவிடும்.

வாங்குவதற்கு முன் இலவச வேலைகள் இரண்டு. இன்டர்கூலரின் முகத்தில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் கழுவுங்கள். காற்றை அதன் பக்கம் திருப்பும் பிளாஸ்டிக் மறைப்புகள், நுரை ஓரங்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் எப்போதோ இடித்துச் சரிசெய்த கார்களில் இவை காணாமல் போயிருக்கும். காற்று இன்டர்கூலரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாங்கும்போது, ரேடியேட்டரை முழுதாக மறைக்கும் தடித்த பூதத்தை எடுக்காதீர்கள். டர்போ காற்று குளிர்ந்து எஞ்சின் சூடானால் என்ன பயன்? மேனிஃபோல்டிலேயே தண்ணீர் வழியாகக் குளிரும் அமைப்பு உள்ள புது எஞ்சின்களில் இது செலவு பிடித்த வேலை. பட்ஜெட் மாடிஃபிகேஷன் கணக்கில் வராது.

தண்ணீர் மெத்தனால் தெளிக்கும் கிட் என்றும் ஒன்று உண்டு. புதிய யோசனை இல்லை. 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ தயாரிப்புக் கார்களில் ஒன்று, நாக் வராமல் தடுக்கக் காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்துத்தான் ஓடியது. பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கார் பெயர் கெட்டுச் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. இன்றும் அதே கதைதான். தொட்டி காலியானால் எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லாத கிட் வேண்டாம். பட்ஜெட் கார் என்றால் முழுதாகவே வேண்டாம் என்பேன்.

படி 6: எக்ஸாஸ்டும் இன்டேக்கும்

டர்பைனைச் சுற்ற வைப்பது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். அதனால் டர்பைனை விட்டு வெளியேறியதும் வரும் டவுன்பைப்தான் எக்ஸாஸ்டில் முக்கியமான இடம். பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றினால் டர்போ காரில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். சத்தம் பிடித்தால் வாங்குங்கள், பவருக்கென்று வாங்காதீர்கள்.

டவுன்பைப்பிலும் இரண்டு விஷயம். எக்ஸாஸ்ட் வாயுவைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எறிவது பெரும்பாலான நாடுகளில் சட்ட விரோதம். புகைப் பரிசோதனையில் தோற்பீர்கள், காருக்குள்ளும் நாறும். சட்டம் அனுமதித்தால், ஸ்டாக்கில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 வரை இருக்கும் துளைகளுக்குப் பதில் 200 அல்லது 300 துளையுள்ள ஹை ஃப்ளோ கன்வெர்ட்டர் போட்ட டவுன்பைப்பை யோசிக்கலாம். இரண்டாவது, எதிர் அழுத்தம் குறைந்ததும் சில டர்போக்களில் வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் பூஸ்ட் நிற்காமல் மேல் ஆர்பிஎம்மில் ஏறிக்கொண்டே போகும். அதனால் டவுன்பைப் போட்டால் அதற்கேற்ற ட்யூனும் கூடவே வேண்டும். முதல் கட்ட ரீமேப்போடு நிறுத்தப்போகிறவருக்கு டவுன்பைப் தேவையே இல்லை.

இன்டேக் பற்றிச் சுருக்கமாக. போனட்டுக்குள் திறந்தவெளியாக மாட்டும் கூம்பு ஃபில்டர் ரேடியேட்டரின் பின்னிருந்து வரும் சூடான காற்றை உறிஞ்சும். ஸ்டாக் ஏர்பாக்ஸ் கிரில்லின் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது; அதை ஒழுங்காக வடிவமைக்க நிறுவனம் நிறையவே மெனக்கெட்டிருக்கிறது. புதுப் பேனல் ஃபில்டர் போடுங்கள், அவ்வளவுதான். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படிந்து அளவு தப்பும். அந்தச் சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறினாலும் அளவு தப்பும். பெரிய டர்போவுக்கு மாறியவருக்குத்தான் பெரிய இன்டேக்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்ட் காற்றை வெளியே விடும் பிளோ ஆஃப் வால்வைப் பற்றிக் கேட்காத ஆள் கிடையாது. பவர் பூஜ்யம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், ஈசியூ ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்றை வெளியே கொட்டுவதால் கலவை செறிவாகி, கியர் மாற்றும் நேரத்தில் கார் திணறும். அந்தக் காற்றை வெளியே விடாமல் இன்டேக்குக்கே திருப்பும் ஸ்டாக் டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். அது கசிவு, உண்மையான கோளாறு.

படி 7: பிடிமானமும் பிரேக்கும்

இந்தப் படியைக் கடைசியில் எழுதினாலும், உங்கள் டயர் தேய்ந்திருந்தால் இதுதான் முதல் படி. முன்சக்கரம் இழுக்கும் காரில் இரண்டாம் கியரிலேயே டயர் சுழன்றால் புதிதாக ஏற்றிய பவர் அத்தனையும் புகையாகத்தான் போகும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம் செய்தது. தடம் மிச்சமிருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும். நல்ல டயர் முடுக்கம், திருப்பம், பிரேக் மூன்றையும் ஒரே செலவில் கூட்டும். வேறெந்தப் பாகத்தைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

பிரேக்கில் பெரிய காலிப்பர் கிட் வேண்டாம். நல்ல பேடும் புது திரவமும் போதும். 100-க்குப் பதில் 130 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 69 சதவீதம் அதிகம். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்தத் தரம் கேட்பது 155 மட்டுமே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டாட் 5.1 கலக்கலாம், டாட் 5 என்பது சிலிக்கான், அதைத் தொடாதீர்கள்.

எஞ்சின் குலுங்குவதைத் தடுக்கும் கீழ் மவுண்டில் செருகும் பாலியூரிதேன் துண்டு ஒன்று கிடைக்கும். விலை மலிவு, கிளம்பும்போது சக்கரம் துள்ளுவதைக் குறைக்கும். ஐடிலில் அதிர்வு கொஞ்சம் காருக்குள் வரும். அதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் போடலாம்.

வாங்கவே வேண்டாதவை

ஓபிடி சாக்கெட்டில் செருகினாலே மைலேஜும் பவரும் கூடும் என்று விற்கும் பெட்டிகள். இன்டேக் வெப்பநிலை சென்சாரில் ரெசிஸ்டர் வைத்துக் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஈசியூவை ஏமாற்றும் துண்டுகள். இவை வெறும் ஏமாற்று அல்ல, சூடான காற்றில் டைமிங்கைக் குறைக்காமல் விடுவதால் ஆபத்தும்கூட. சிகரெட் லைட்டர் மின்சாரத்தில் ஓடும் விசிறி டர்போ. பெட்ரோல் குழாயில் சுற்றும் காந்தம். எக்ஸாஸ்ட் நுனியில் மாட்டும் விசில். த்ராட்டில் ரெஸ்பான்ஸ் பெட்டி கொஞ்சம் வேறு: அது பவர் தராது, பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும். கால் அதே வேலையைச் செய்யும்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு

டீசலில் நாக் பிரச்சினை இப்படி வராது. பவரைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் ஊற்றுகிறோம் என்பது. காற்றுக்கு மிஞ்சி ஊற்றினால் கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் வெப்பநிலை எகிறும், டர்போவும் பிஸ்டனும் அடி வாங்கும். எனவே இங்கே பார்க்க வேண்டிய லாக் எக்ஸாஸ்ட் வெப்பநிலையும் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாய்) அழுத்தமும். புகை விடும் ட்யூன் பவர்ஃபுல் ட்யூன் என்று சிலர் பெருமைப்படுவார்கள்; எரியாத டீசல் அது. கீழ் ஆர்பிஎம் டார்க் டீசலில் இன்னும் பெரிது என்பதால் கிளட்ச், கியர்பாக்ஸ் கணக்கை இரட்டிப்புக் கவனத்தோடு போடுங்கள். துகள் வடிகட்டியைக் கழற்றும் யோசனைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சொன்ன பதிலே.

காசைப் பிரிப்பது எப்படி

ஒருவருக்கு மொத்தமாக இரண்டு செட் நல்ல டயர் வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் பிரித்தால்: பிளக், ஆயில், கசிவுச் சோதனை, பிரேக் திரவம் ஆகியவற்றுக்கு முதலில் எடுத்து வைப்பேன். அடுத்து லாகிங் அடாப்டர். பிறகு டயர் நன்றாக இருந்தால் ரெடிமேட் ரீமேப், நன்றாக இல்லை என்றால் டயர், ரீமேப் அடுத்த முறை. ஒரு பங்கை எதற்கும் தொடாமல் வைத்துவிடுவேன். பவர் ஏற்றிய மாதத்திலேயே ஒரு காயிலோ ஹோஸோ கைவிடும். ஏற்கெனவே தேய்ந்திருந்தது இப்போதுதான் தெரிய வருகிறது. அந்தப் பங்கு செலவாகாமல் நின்று, லாகில் வெப்பநிலை மட்டும் தொடர்ந்து ஏறுகிறது என்றால் அது இன்டர்கூலருக்கு.

ஒரே நேரத்தில் மூன்று பாகம் மாட்டாதீர்கள். ஒன்று மாட்டி, லாக் எடுத்து, ஒரு வாரம் ஓட்டுங்கள். மூன்றையும் சேர்த்து மாட்டிவிட்டு எஞ்சின் விளக்கு எரிந்தால் எதைச் சந்தேகப்படுவது?

மாற்றிய பிறகு

ரீமேப் ஏற்றிய நாளிலிருந்து ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேடு சொல்வதில் பாதியாக்குங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் அதற்குப் பிறகும் சில நிமிடம் கழித்துத்தான் பதத்துக்கு வரும், அதுவரை பூஸ்டில் மிதிக்க வேண்டாம். அழுத்தி ஓட்டிவிட்டு வந்தால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டர்போவை ஆற விடுங்கள். மாதம் ஒருமுறை அதே மூன்றாம் கியர் இழுப்பைப் பதிவு செய்து, பழைய லாகோடு வைத்துப் பாருங்கள். நாக் எண்ணிக்கை மெல்லக் கூடுவது, கிடைக்கும் பூஸ்ட் மெல்லக் குறைவது இரண்டும் எஞ்சின் விளக்கு எரிவதற்கு வாரங்களுக்கு முன்பே அதில் தெரிந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களால் முடியும். வாரண்டியில் உள்ள கார் என்றால், ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற தடயம் பல ஈசியூக்களில் நின்றுவிடும். தெரியாது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கழற்றிய ஸ்டாக் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு, போல்ட்களைத் தனித்தனிப் பையில் எழுதி வையுங்கள். புகைப் பரிசோதனைக்கோ விற்பனைக்கோ அவை வேண்டியிருக்கும், அன்றைக்குத் தேடினால் ஒரு கிளாம்ப்கூடக் கிடைக்காது.